ஏழாம் அத்தியாயம்: சொந்தக் காரியமும் சர்க்கார் கோப்பும்

சர்க்கார் உத்தியோகத்தில் அமர்ந்தவர் சந்நியாசம் வாங்கிக்கொண்டவர் அல்லர். அவருக்கும் மனைவி மக்கள் உண்டு, மாமனார் வைத்துப்போன நிலம் உண்டு, வியாபாரம் செய்யும் மைத்துனர் உண்டு, வாங்கிய கடனும் கொடுத்த கடனும் உண்டு. இவற்றுள் ஏதேனும் ஒன்று, என்றைக்காவது ஒரு நாள், தம் மேஜைக்கு வரும் கோப்பொன்றில் வந்து நிற்பதை எவராலும் தடுக்க முடியாது. அப்படி வந்து நிற்பது மட்டுமே குற்றமாகாது. வந்ததை அறிந்த உத்தியோகஸ்தர் அதை எந்தத் தேதியில், யாருக்கு, எப்படித் தெரிவித்தார் என்பதைத்தான் பின்னால் வரும் விசாரணை அதிகாரி கேட்பார். மனம் சுத்தமாக இருந்தது என்பதற்குச் சாட்சி கிடையாது. தேதியிட்ட காகிதத்துக்கு உண்டு. இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் முறைகள் யாவும் அந்தக் காகிதத்தை உரிய காலத்தில் உண்டாக்கிக்கொள்வதற்கான முறைகளே.

மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கு 1964ஆம் ஆண்டின் குடிமைப் பணி நடத்தை விதிகளும், ரயில்வே ஊழியர்களுக்கு 1966ஆம் ஆண்டின் விதிகளும், அகில இந்தியப் பணியினருக்கு 1968ஆம் ஆண்டின் விதிகளும், தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகளும் பொருந்தும். கீழே விதி எண் சொல்லுமிடமெல்லாம் 1964ஆம் ஆண்டு விதிகளையே குறிக்கிறேன். மற்றவற்றின் போக்கும் பெரும்பாலும் இதுவேயாயினும், தொகை வரம்புகளும் படிவங்களும் வேறுபடும், அவ்வப்போது மாறவும் செய்யும். ஆகையால் உங்கள் அலுவலகத்தின் பணியமைப்புப் பிரிவில் நடப்பிலுள்ள சுற்றறிக்கையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

முதல் வேலை: சம்பந்தப் பட்டியல்

புதிய பதவியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, கோப்புகள் வந்து குவிவதற்குமுன், தனியாக உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

1. ஒரு நோட்டுப் புத்தகத்தில் உங்கள் பெயரிலும், குடும்பத்தார் பெயரிலும் உள்ள நிலம், வீடு, பங்குகள், கூட்டு வியாபாரம் ஆகியவற்றை ஊர், சர்வே எண், வாங்கிய ஆண்டு முதலிய விவரங்களுடன் எழுதுங்கள்.

2. நெருங்கிய உறவினர் ஒவ்வொருவரும் என்ன தொழில் செய்கிறார், எந்த நிறுவனத்தில் வேலை பார்க்கிறார் என்று குறியுங்கள். சட்டம் கருதும் குடும்பம் சிறியது: மனைவி அல்லது கணவர், உங்களையே முற்றிலும் நம்பியிருக்கும் பிள்ளைகள், அவ்வாறே நம்பியிருக்கும் பிற உறவினர், அவ்வளவுதான். ஊர் கருதும் குடும்பமோ சித்தப்பா மகனையும் சம்பந்தியின் தம்பியையும் விட்டுவைப்பதில்லை. பட்டியல் எழுதும்போது சட்டத்தைப் பின்பற்றாதீர்கள், ஊரைப் பின்பற்றுங்கள்.

3. நீங்கள் கொடுக்க வேண்டிய கடன், உங்களுக்கு வர வேண்டிய கடன் இரண்டையும், ஆளின் பெயரோடு எழுதுங்கள்.

4. உங்கள் பிரிவில் லைசென்ஸ், ஒப்பந்தம், வரி நிர்ணயம், பட்டா மாறுதல், மானியம் முதலியவற்றுக்காக வந்துபோகும் நபர்களின் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

5. இரண்டிலும் இடம்பெறும் பெயர்களைச் சிவப்பு மையால் அடிக்கோடிடுங்கள். அவை ஒவ்வொன்றுக்கும் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் போக வேண்டும். இன்றே போக வேண்டும்.

*குறிப்பு:* மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் இந்தப் பட்டியலைப் புதிதாக எழுதுவது அவசியம். மதுரையில் இருந்தபோது நிரபராதமாயிருந்த கடன் ஒன்று, கடன் கொடுத்தவர் கடை வைத்திருக்கும் ஊருக்கே நீங்கள் வரி அதிகாரியாகப் போகும்போது விதிமீறலாக மாறிவிடும். இந்தச் சந்தர்ப்பத்தை எதிர்பார்த்துத்தான், மாற்றலால் இத்தகைய நிலைமை ஏற்படுமானால் உடனே தெரிவித்து, வரும் உத்தரவுப்படி நடக்க வேண்டும் என்று 16ஆம் விதியே சொல்லி வைத்திருக்கிறது.

கோப்பு வந்துவிட்டால்

எவ்வளவு முன்ஜாக்கிரதையாக இருந்தாலும், ஒரு நாள் காலையில் தபால் கட்டைப் பிரிக்கும்போது தெரிந்த பெயர் ஒன்று தென்படத்தான் செய்யும். அப்போது செய்ய வேண்டியவற்றை வரிசை மாறாமல் செய்யுங்கள். இங்கே வரிசையே முக்கியம்.

1. கோப்பை மூடுங்கள். ஒரு வரிக் குறிப்புக்கூட எழுதாதீர்கள். ‘பார்த்தேன், மேல்நடவடிக்கைக்கு’ என்று சுருக்கொப்பம் வைப்பதும் நடவடிக்கையே.

2. அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே, மேலதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். உங்கள் குடும்பத்தார் வேலை பார்க்கும் நிறுவனத்தின் காரியத்தையோ, உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ வேறு வகையில் ஆதாயம் உள்ள ஒப்பந்தத்தையோ நீங்கள் கையாளாமல் மேலதிகாரிக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது 4ஆம் விதியின் கட்டளை. அது யோசனை அன்று.

3. கடிதத்தில் உறவு என்ன, சம்பந்தம் என்ன, எப்போது தெரிய வந்தது, அதுவரை கோப்பில் நீங்கள் ஏதேனும் செய்திருக்கிறீர்களா என்ற நான்கையும் சொல்லுங்கள். உறவினரின் நல்ல குணத்தைப் பற்றியோ, உங்கள் நேர்மையைப் பற்றியோ அதில் எதுவும் வேண்டாம்.

4. கடித நகலில் தேதியும் பெறுகை முத்திரையும் வாங்கி, வீட்டில் வைக்கும் சொந்தக் கோப்பில் சேருங்கள்.

5. கோப்பு வேறொருவருக்கு மாற்றப்பட்டதற்கான எழுத்து உத்தரவு வரும்வரை, கேட்பவர் எவராயினும், அதைப் பற்றி வாய்மொழியாகக்கூட அபிப்பிராயம் சொல்லாதீர்கள்.

6. உத்தரவு வந்தபின், அந்தக் கோப்பைப் பெற்றுக்கொண்ட சக அலுவலரிடம் ‘அது என்னாயிற்று?’ என்று கேட்காதீர்கள். கேள்வி குசலப் பிரசினமாகவே இருந்தாலும், கேட்கப்படுபவர் அதைச் சிபாரிசாகவே எடுத்துக்கொள்வார்.

கடிதத்தின் வாசகம் இந்த மாதிரி இருந்தால் போதும்:

“மேற்படி கோப்பில் விலைப்புள்ளி அளித்துள்ள நிறுவனத்தில் என் மனைவியின் தம்பி பங்குதாரராக இருக்கிறார் என்பதை இன்று கோப்பைப் பெற்றபோது அறிந்தேன். இதுகாறும் இக்கோப்பில் நான் எந்தக் குறிப்பும் எழுதவில்லை; எந்த உத்தரவும் இடவில்லை. இக்கோப்பையும், இதே ஒப்பந்தம் தொடர்பாக இனி வரும் அளவீடு, பட்டியல், தொகை வழங்கல் ஆகிய எல்லாவற்றையும் வேறோர் அலுவலரிடம் ஒப்படைத்து உத்தரவிடுமாறு வேண்டுகிறேன்.”

‘இனி வரும் எல்லாவற்றையும்’ என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். டெண்டரைத் திறக்கும் அன்று மாத்திரம் லீவு போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே ஒப்பந்தக்காரரின் பட்டியலில் கையெழுத்திடுகிறவர்கள் நிறைய உண்டு.

மிகவும் சகஜமான தவறு: பாதி விலகல்

இதற்கு நம் உச்சநீதிமன்றத்தில் பிரசித்தி பெற்ற உதாரணமே இருக்கிறது. இந்திய வனப் பணிக்கு ஜம்மு காஷ்மீரிலிருந்து அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு கூடியது. அந்த ராஜ்யத்தின் தற்காலிகத் தலைமை வனப் பாதுகாவலர், பதவி காரணமாக அக்குழுவில் அங்கத்தினராக இருந்தார்; அதே சமயத்தில் தேர்வுக்கு நின்றவர்களிலும் ஒருவராக இருந்தார். தம் பெயர் பரிசீலனைக்கு வந்தபோது அவர் மரியாதையாக எழுந்து வெளியே போய்விட்டார். ஆனால் தமக்குப் போட்டியாக நின்றவர்களின் தகுதி விவாதிக்கப்பட்டபோதும், முன்னுரிமை வரிசை தயாரானபோதும் உள்ளே உட்கார்ந்திருந்தார். பட்டியல் வெளிவந்தபோது அதில் அவர் பெயரே முதலாவதாக இருந்தது. கிரைபாக் வழக்கு என்று வழங்கும் இந்த வழக்கில், 1969ஆம் ஆண்டு, உச்சநீதிமன்றம் அந்தத் தேர்வு முழுவதையும் ரத்து செய்தது. அவர் எங்களைத் தம் பக்கம் இழுக்கவில்லை என்று மற்ற அங்கத்தினர்கள் சொன்னதும் பயன்படவில்லை. ஒருவர் இருக்கையில் இருப்பதே மற்றவர் மனத்தில் சூட்சுமமாக வேலை செய்யும் என்று நீதிமன்றம் கருதியது. அவருடைய ஆசையால், நியாயமாகத் தேர்வாகியிருக்கக்கூடிய மற்றவர்களின் பெயர்களும் கூடவே அடிபட்டுப் போயின என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே விலகுவதானால் அறையை விட்டு விலகுங்கள், பட்டியலை விட்டு விலகுங்கள், போட்டியாளரைப் பற்றிய பேச்சை விட்டும் விலகுங்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ‘இன்னார் இந்தப் பொருள் முழுவதிலும் கலந்துகொள்ளவில்லை’ என்று எழுதச் சொல்லி, எழுதியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

நிலமும் வீடும்

அசையாச் சொத்து வாங்குவதும், விற்பதும், அடமானம் வைப்பதும், குத்தகைக்கு விடுவதும், தானமாகப் பெறுவதும் முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டியவை. எதிர்த்தரப்பார் உங்களுடன் உத்தியோக சம்பந்தம் உள்ளவராயின், தெரிவிப்பது போதாது, முன் அனுமதி பெற வேண்டும். இது 18ஆம் விதி. கார், நகை போன்ற அசையும் சொத்தின் மதிப்பு இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்துக்கு மேற்பட்டால், வாங்கிய ஒரு மாதத்துக்குள் அறிக்கை தர வேண்டும்.

1. விலை பேசி முடிந்ததும், முன்பணம் கொடுப்பதற்குமுன், படிவத்தைத் தாக்கல் செய்யுங்கள். பத்திரம் பதிவான பிறகு ‘முன்னறிவிப்பு’ அனுப்புகிறவர், தம் மீதான குற்றச்சாட்டைத் தாமே எழுதிக் கொடுக்கிறவர் ஆவார்.

2. பணம் வந்த வழியைச் சொல்லுங்கள்: சேமிப்பு எவ்வளவு, வங்கிக் கடன் எவ்வளவு, மாமனார் கொடுத்தது எவ்வளவு. மாமனார் கொடுத்ததற்கு அவருடைய வங்கிக் கணக்கின் நகல் ஒன்றையும் வாங்கி வையுங்கள். அவர் இருக்கும்போதே வாங்குங்கள்.

3. வீடு கட்டுகிறவர்கள் செங்கல், சிமெண்டு, மணல், கூலி ஒவ்வொன்றுக்கும் ரசீது வையுங்கள். உங்கள் துறையில் வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர் ‘அடக்க விலைக்கே போடுகிறேன்’ என்று லாரியை அனுப்பினால், லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

4. ஆண்டுதோறும் டிசம்பர் 31ஆம் தேதிய நிலையில் உள்ள அசையாச் சொத்து விவரத்தை ஜனவரி 31க்குள் தர வேண்டியவர்கள், சென்ற ஆண்டின் நகலை எதிரே வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஒரே நிலம் ஓராண்டில் இரண்டு ஏக்கராகவும் மறு ஆண்டில் இரண்டரை ஏக்கராகவும் காணப்படுவதைப்போலச் சந்தேகத்தைக் கிளப்புவது வேறெதுவுமில்லை.

*எச்சரிக்கை:* உங்கள் முன் காரியம் நிலுவையில் உள்ள ஒருவரிடம் சந்தை விலைக்குக் குறைந்து எதையும் வாங்கவே வாங்காதீர்கள். அது நடத்தை விதியோடு முடிகிற விஷயமன்று. 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, போதாத விலை கொடுத்துப் பெறும் அனுகூலத்தையும் தண்டிக்கிறது. குறைந்தது ஆறு மாதம், அதிகமாக ஐந்து ஆண்டு சிறை. அவ்வாறே, வாங்கக் கூடாதென்று சட்டம் தடுத்துள்ள சொத்தை உத்தியோகஸ்தர் தம் பெயரிலோ பிறர் பெயரிலோ ஏலம் எடுத்தால், பாரதிய நியாய சங்கிதையின் 203ஆம் பிரிவின்படி தண்டனையோடு சொத்தும் பறிமுதலாகும். மைத்துனன் பெயரில் எடுத்தால் தப்பலாம் என்று எண்ணுகிறவர்களுக்காகவே ‘பிறர் பெயரிலோ’ என்ற சொற்கள் அங்கே இருக்கின்றன.

மொய், தீபாவளிப் பெட்டி, ஒரு வேளைச் சாப்பாடு

நம் நாட்டில் இந்த அத்தியாயத்தின் மிகக் கடினமான பகுதி இதுதான். தற்செயலாக நேரும் ஒரு வேளைச் சாப்பாட்டையும், வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதையும் 13ஆம் விதி பரிசாகக் கருதுவதில்லை. ஆனால் ஆடம்பர விருந்தையும், ஒருவரிடமே அடிக்கடி விருந்துண்பதையும் தவிர்க்கச் சொல்கிறது. விவாகம், சமயச் சடங்கு முதலியவற்றில் நெருங்கிய உறவினரும் உத்தியோக சம்பந்தமற்ற சிநேகிதரும் வழக்கப்படி தருவதைப் பெறலாம். உங்கள் பிரிவுக்குரிய வரம்பை மீறினால் அறிக்கை தர வேண்டும்.

பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் உத்தியோகஸ்தர் செய்ய வேண்டியவை:

1. அழைப்பிதழ் அச்சாவதற்குமுன், முன்பு எழுதிய சம்பந்தப் பட்டியலை எடுத்து, சிவப்புக் கோடிட்ட பெயர்களுக்கு அழைப்பு அனுப்பாதீர்கள். சங்கடமாக இருக்கும், இருக்கட்டும்.

2. மண்டபம், பந்தல், சமையல், நகை ஆகியவற்றுக்கு உங்கள் கணக்கிலிருந்தே பணம் போகட்டும். ‘நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் அப்புறம் கொடுங்கள்’ என்று முன்வருகிறவரிடம் அந்த ‘அப்புறம்’ வருவதேயில்லை.

3. மொய் எழுதும் மேஜையில் நம்பகமான உறவினர் ஒருவரை உட்கார வைத்து, பெயர், ஊர், தொகை மூன்றும் தவறாமல் எழுதச் சொல்லுங்கள். உறையின்மேல் பெயரில்லாத மொய்யை வாங்க வேண்டாமென்று முன்னரே சொல்லிவிடுங்கள்.

4. மறுநாளே மொய் நோட்டைப் பாருங்கள். உத்தியோக சம்பந்தம் உள்ளவரின் தொகை ஏதேனும் இருந்தால், வங்கி மூலமாகத் திருப்பி அனுப்பி, அனுப்பியதை அலுவலகத்துக்கு எழுதுங்கள். ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்ததற்கு ருசுவில்லை.

5. நோட்டைப் பத்திரப்படுத்துங்கள். வருமானத்துக்கு மேற்பட்ட சொத்து என்று எப்போதாவது கேள்வி வந்தால், அது உதவிக்கு வரும். ஆனால் கல்யாணம் நடந்த சமயத்திலேயே அறிக்கையில் அதைக் காட்டியிருந்தால்தான் அதற்கு மதிப்பு.

தீபாவளிப் பெட்டிக்கு வேறு உபாயம் வேண்டும், ஏனெனில் அது நீங்கள் இல்லாத நேரத்தில் வீட்டுக்கு வருகிறது. வாங்க வேண்டாமென்று மனைவியிடமும், பெரியவர்களிடமும், வாயிற்காவலரிடமும் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே சொல்லி வையுங்கள்.

மனைவியின் கடை, மகனின் வேலை

குடும்பத்தார் வியாபாரம் செய்வதையோ, காப்பீட்டு முகவராக இருப்பதையோ எந்த விதியும் தடுக்கவில்லை. 15ஆம் விதியின்படி அதைத் தெரிவித்துவிட வேண்டும், அவ்வளவே. தடுக்கப்பட்டிருப்பது, அந்த வியாபாரத்துக்கு நீங்கள் ஆள் பிடிப்பது. அலுவலகத்தில் சகாக்களிடம் மனைவியின் பாலிசிப் படிவத்தை நீட்டுவது, வந்துபோகும் மனுதாரரிடம் ‘நம்ம கடைதான்’ என்று விலாசம் சொல்வது, இரண்டுமே விதிமீறல்.

மகனோ மகளோ உங்களுடன் உத்தியோகத் தொடர்புள்ள நிறுவனத்தில் வேலைக்குச் சேர்வதானால், முதல் பிரிவு அதிகாரிக்கு முன் அனுமதி தேவை. அனுமதிக்குக் காத்திருக்க முடியாத அவசரமாயின், தெரிவித்துவிட்டு, அனுமதிக்கு உட்பட்டுத் தற்காலிகமாகச் சேரலாம். மற்றப் பிரிவினரும் செய்தி தெரிந்தவுடன் எழுதித் தெரிவிக்க வேண்டும். இளைஞனுடைய திறமையால் கிடைத்த வேலையாகவே இருக்கலாம். அப்பாவின் கடிதம் முந்தியிருந்தால்தான் ஊர் அதை நம்பும்.

வட்டியும் பங்குச் சந்தையும்

வட்டிக்குப் பணம் கொடுப்பது உத்தியோகஸ்தருக்கு எந்த ரூபத்திலும் கூடாது. தம் அதிகார எல்லைக்குள் வசிப்பவரிடமும், உத்தியோக சம்பந்தம் நேரக்கூடியவரிடமும் கடன் வாங்குவதும் கூடாது. வங்கிக் கடனுக்கும், உறவினரிடமோ சிநேகிதரிடமோ வட்டியில்லாமல் வாங்கும் சிறு கைமாற்றுக்கும், கடைக்காரரின் பற்று வரவுக்கும் விலக்கு உண்டு.

இந்தத் தடைக்குக் காரணம் தெரிய வேண்டுமானால் பழைய சென்னைப் பட்டணத்துக்குப் போக வேண்டும். கம்பெனி உத்தியோகஸ்தனாகிய பால் பென்ஃபீல்டு ஆர்க்காட்டு நவாபுக்குப் பெருங்கடன் கொடுத்து, அதற்கு ஈடாகத் தஞ்சாவூர் வருமானத்தின்மேல் பாத்தியதை எழுதி வாங்கியிருந்தான். கவர்னர் பிகாட் பிரபு தஞ்சாவூரை அதன் ராஜாவுக்கே திருப்பிக் கொடுத்தபோது, அந்தப் பாத்தியதை ஆபத்துக்குள்ளாயிற்று. விளைவு, கடன் கொடுத்தவர்களுக்கு அனுகூலமாயிருந்த கவுன்சில் அங்கத்தினர்கள் 1776இல் தங்கள் கவர்னரையே கைது செய்தார்கள். காவலிலேயே அவர் மறு ஆண்டு காலமானார். இருநூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய சங்கதி என்றாலும், 16ஆம் விதியைப் படிக்கும்போது எனக்கு அந்த மனிதர்களின் ஞாபகம்தான் வருகிறது.

பங்குகளில் எப்போதாவது முதலீடு செய்யலாம். அடிக்கடி வாங்கி விற்பது சூதாட்டமாகவே கருதப்படும். ஓராண்டில் மொத்தக் கொள்முதல் விற்பனை ஆறு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டினால் அறிக்கை தர வேண்டும். நிறுவனத்தின் இயக்குநர்களுக்கும் அவர்களுடைய சிநேகிதர்களுக்கும் ஒதுக்கிய பங்கை யார் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

எழுத்துப் பணியும் தர்ம காரியமும்

கதை, கட்டுரை எழுதலாம். கோயில் கமிட்டியிலும் படிப்பகத்திலும் சம்பளமின்றி உழைக்கலாம். உத்தியோகக் கடமை கெடக் கூடாது. நன்கொடை வசூலில் மட்டும் உங்கள் கையெழுத்து வேண்டாம். தாசில்தார் கையெழுத்திட்ட கும்பாபிஷேக ரசீதை மறுக்கக்கூடிய வியாபாரி எந்த ஊரிலும் இல்லை.

ஓய்வுக்குப் பின்

முதல் பிரிவு அதிகாரியாக ஓய்வு பெறுகிறவர், ஓராண்டுக்குள் தனியார் வியாபார நிறுவனத்தில் சேர்வதானால் சர்க்காரின் முன் அனுமதி பெற வேண்டும். வேலைக்கு அழைப்பு, பதவியில் இருக்கும்போதே வந்துவிடுவது வழக்கம். அழைத்த நிறுவனத்தின் கோப்பு உங்களிடம் இருக்குமானால், அழைப்பு வந்த அன்றே மேலே சொன்ன ஆறு படிகளையும் தொடங்குங்கள். ‘ஓய்வுக்குப் பிறகு பேசலாம்’ என்று பதில் சொல்வது மறுப்பு ஆகாது.

வீட்டிலுள்ள சொந்தக் கோப்பை ஓய்வு பெற்ற அன்று பரணில் போட்டுவிடாதீர்கள். ஓய்வுக்குப் பின் துறை நடவடிக்கை தொடங்குவதானால், அதற்கு முந்திய நான்கு ஆண்டுகளுக்குள் நடந்த காரியத்தைப் பற்றியே தொடங்கலாம் என்று ஓய்வூதிய விதி வரம்பு கட்டியிருக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் கிரிமினல் வழக்குக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. ஆகையால் பெறுகை முத்திரையிட்ட கடிதங்களையும், சொத்து அறிக்கை நகல்களையும், மொய் நோட்டையும் உயிருள்ளவரை வைத்திருங்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.